.22-250-ஆ, .243-ஆ? பிரெய்ரி டாக்குக்கும் கயோட்டிக்கும் ஒரே ரைஃபிள் செய்யும்போது

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். கொலராடோவில் ஸ்டெர்லிங் பக்கம் நண்பரின் மாமனாருக்கு மாட்டுப் பண்ணை இருக்கிறது. கோடையில் மேய்ச்சல் நிலத்தைத் துளைத்துப் போடும் பிரெய்ரி டாக்குகளையும், குளிர்காலத்தில் கன்று ஈனும் பருவத்துக்கு முன்பு ஓநாய் வகைக் கயோட்டிகளையும் சுட்டுக் குறைக்க அவர் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். .308 வின்செஸ்டருக்கான பழைய ரெமிங்டன் 700 ஷார்ட் ஆக்‌ஷன் ஒன்று (பேரல் பொருந்தி, போல்ட் என்னும் மூடி இயங்கும் உடற்பகுதி) உங்களிடம் இருக்கிறது. அதில் புதுப் பேரல் போடப் போகிறீர்கள். .204 ரூகர், .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன், .243 வின்செஸ்டர், 6 எம்.எம். கிரீட்மூர் இந்த ஐந்து தோட்டாக்களில் எதற்கு அறை, அதாவது பேரலில் தோட்டா உட்காரும் இடம், வெட்டச் சொல்வது என்பது கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு வேலைகளை ஒரே துப்பாக்கியிடம் ஒப்படைக்கலாமா, ஒப்படைத்தால் எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

கொலராடோவின் வடகிழக்கிலும் அதை ஒட்டிய நெப்ராஸ்காவிலும் பல வருடங்களாக இந்த இரண்டு வேட்டைக்கும் போகிறேன். வார இறுதிகளில் ஒரு கன்ஸ்மித்தின் (துப்பாக்கி வேலை செய்பவர்) பட்டறையில் லேத்தில் பேரல் வேலை பழகியிருக்கிறேன். ஆகவே நான் சொல்வது மரமில்லாத புல்வெளிக்கும் அங்கே அடிக்கிற காற்றுக்கும் பொருந்தும். கிழக்கு மாநிலக் காடுகளில் நூறு கெஜத்துக்குள் சுடுகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. கீழே தோட்டா என்றால் கூடு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் ப்ரைமர், குண்டு எல்லாம் சேர்ந்த முழு ரவுண்ட்; குண்டு என்றால் பறந்து போவது மட்டும்.

பிரெய்ரி டாக் அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. வளைவாயில் நிமிர்ந்து நிற்கும்போது அகலம் சுமார் மூன்று அங்குலம். மடக்கு மேசை போட்டு, மணல் பையில் துப்பாக்கியைச் சாய்த்து, 150 முதல் 400 கெஜம் வரை சுடுவோம். வளைகள் நிறைந்த இடத்தில் ஒரு காலையில் நூறு ரவுண்ட் போவது சாதாரணம். கயோட்டி இதற்கு நேர்மாறு. விடிவதற்கு முன் போய், காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, அடிபட்ட முயல் கத்துவது போன்ற ஒலியை எழுப்பிவிட்டுப் பதினைந்து இருபது நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். வந்தால் ஒரு குண்டு, மிஞ்சினால் இரண்டு. வராவிட்டால் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த மேட்டுக்கு நடக்க வேண்டும். முதல் வேலைக்குக் கனத்த பேரல், குறைந்த உதை, மலிவான தோட்டா வேண்டும். இரண்டாவதற்குச் சுமக்கக்கூடிய எடையும், காற்றில் அதிகம் விலகாத குண்டும், பத்துப் பதினைந்து கிலோ மிருகத்தை நின்ற இடத்திலேயே சாய்க்கும் வலுவும் வேண்டும்.

வேகத்தை வைத்துத் தோட்டா தேர்ந்தெடுப்பதுதான் பலர் செய்வது. .204 ரூகர் 2004-இல் வந்தபோது 32 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் அலகு) குண்டை நொடிக்கு 4,225 அடி வேகத்தில் தள்ளும் என்று விளம்பரம் செய்தார்கள், அது பொய்யில்லை. ஆனால் என் அனுபவத்தில் பேரல் எவ்வளவு சூடாகிறது, குண்டு காற்றில் எவ்வளவு விலகுகிறது என்ற இரண்டும்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். வேகம் அதற்குப் பிறகு.

சூட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். .223-க்கும் .22-250-க்கும் பேரல் துளை ஒன்றுதான், குண்டின் விட்டம் 0.224 அங்குலம். ஆனால் .22-250-இன் கூடு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு மருந்து கொள்ளும். ஒரே அளவு துளை வழியாக ஒன்றரை மடங்கு எரிந்த மருந்தின் நெருப்பு போகிறது. அது முதலில் தாக்குவது அறைக்கு முன்னால் புரி (குண்டைச் சுழலவைக்கப் பேரலுக்குள் வெட்டிய சுருள் பள்ளம்) தொடங்கும் இடத்தை. பேரலுக்குள் பார்க்கும் போரஸ்கோப் கருவியை விட்டுப் பார்த்தால் அந்த இடத்து எஃகு வறண்ட ஏரி போலப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். வெடிப்பு முன்னோக்கிப் போகப் போகக் குண்டுகள் இலக்கில் சேர்ந்து விழாது. இதுவரை சொன்னது உறுதியானது. இத்தனை ரவுண்டில் பேரல் தீர்ந்துபோகும் என்று ஒரு எண்ணைச் சொன்னால் அதை நம்ப வேண்டாம். .22-250 பேரலை ஒரே கோடையில் கெடுத்தவர்களும் உண்டு, பல வருடம் ஓட்டியவர்களும் உண்டு. இரண்டாவது வகையினர் பேரலைக் கையால் தொட்டுப் பார்த்து, தொட முடியாத சூடு வந்ததும் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகிறவர்கள். மேசையில் உட்கார்ந்து தொடர்ந்து சுடும் வேலைக்கு .223 மாதிரி தாங்குவது இந்த ஐந்தில் வேறில்லை. விலையும் குறைவு, சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். உதை மிகக் குறைவு என்பதால் குண்டு போய் விழுவதை உங்கள் ஸ்கோப்பிலேயே பார்க்கலாம். தனியாகச் சுடப் போகிறவருக்கு இது பெரிய வசதி. எங்கே தவறியது என்று கண்ணால் பார்த்தால்தான் அடுத்த குண்டைத் திருத்த முடியும்.

அடுத்தது காற்று. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் பக்கவாட்டில் அடிக்கிறது, தூரம் 300 கெஜம் என்று வைத்துக்கொள்வோம். .223-இல் வழக்கமான 55 கிரெயின் பிளாஸ்டிக் முனைக் குண்டு 3,240 அடி வேகத்தில் கிளம்பினால் ஏறத்தாழ பதினோரு அங்குலம் விலகும். அதே குண்டை .22-250-இல் 3,680 அடியில் அனுப்பினால் ஒன்பது. 4,225 அடியில் போகிற .204-இன் 32 கிரெயின் குண்டும் ஒன்பதரைப் பக்கம்தான் வரும், அத்தனை வேகம் இருந்தும் .22-250-ஐ அது முந்தவில்லை. .243-இல் 87 கிரெயின் 3,200 அடியில் போனால் ஆறரை. .22-250-இலேயே நீளமான 75 கிரெயின் குண்டை 3,200 அடியில் அனுப்பினால் ஐந்தரை அங்குலம். இவை கடல் மட்டத்துக் காற்றடர்த்தியை வைத்துக் கணக்கிட்டவை. உங்கள் பண்ணையின் உயரத்தில் எல்லாமே கொஞ்சம் குறையும், ஆனால் வரிசை மாறாது. கயோட்டியின் நெஞ்சில் நீங்கள் அடிக்க வேண்டிய இடம் ஏறத்தாழ ஆறு அங்குலம். ஸ்டெர்லிங்கில் ஜனவரிக் காற்று பத்து மைலோடு நிற்கிற நாட்கள் குறைவு, அதைத் துல்லியமாக மதிப்பிடுகிற மனிதரும் குறைவு. மதிப்பீட்டில் பாதி தவறினாலும், ஐந்தரை அங்குலம் விலகும் குண்டு நெஞ்சுக்குள்ளேயே விழும். பதினோரு அங்குலம் விலகுவது வயிற்றில் பட்டு, மிருகம் ஓடிப்போய் எங்கோ செத்துக் கிடக்கும். இந்த வேட்டையில் எனக்குப் பொறுக்க முடியாத விஷயம் அதுதான்.

நீளமான குண்டைப் பேரல் ஏற்குமா என்பது புரியைப் பொறுத்தது. கனத்தைவிட நீளம்தான் இங்கே கணக்கு: குண்டு நீளமாக ஆக, அது நேராகப் பறக்கப் புரி வேகமாகச் சுற்ற வேண்டும். .22-250 நெடுங்காலமாகப் பதினான்கு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான புரியோடுதான் விற்கப்பட்டது. 55 கிரெயினுக்கு மேல் நீளமான குண்டுகள் அதில் தள்ளாடும், இலக்குத்தாளில் பக்கவாட்டில் போன சாவித்துவாரத் துளைகள் விழும். புரியைத் தப்பாகப் போட்டதால் ஒரு நல்ல தோட்டா எப்படிப் படுத்தது என்பதற்கு 1955 சாட்சி. அந்த வருடம் .243 வின்செஸ்டரும் .244 ரெமிங்டனும் சேர்ந்து வந்தன. .244 சற்றுப் பெரிய கூடு, ஒரே விட்டமுள்ள குண்டு. ரெமிங்டன் அதைச் சிறு பிராணிகளுக்கான தோட்டாவாக நினைத்துப் பன்னிரண்டு அங்குலப் புரி போட்டது. வின்செஸ்டர் பத்து அங்குலம் போட்டது. அதனால் மானுக்கான 100 கிரெயின் குண்டையும் .243 சுட்டது, மக்கள் அதையே வாங்கினார்கள். ரெமிங்டன் பிறகு புரியை ஒன்பது அங்குலமாக்கி, 6 எம்.எம். ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றிப் பார்த்தது. சந்தை திரும்பவில்லை. கடைத் துப்பாக்கி வாங்குகிறவருக்கு இதில் கைவைக்க வழியில்லை. தனியாகப் பேரல் செய்யச் சொல்லும் உங்களுக்கு வழி இருக்கிறது, இவ்வளவு செலவழிப்பதற்கு உருப்படியான காரணமும் அதுதான்.

வேகமான புரிக்கும் ஒரு விலை உண்டு. எட்டு அங்குலப் புரியில் 3,700 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு நிமிடத்துக்கு 3,33,000 முறை சுழல்கிறது. பதினான்கு அங்குலப் புரியில் இது ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்தான். மிக மெல்லிய செப்புத் தோலுள்ள குண்டுகள் இந்தச் சுழற்சியைத் தாங்காமல் வழியிலேயே சிதறும். ஸ்கோப்பில் ஒரு சாம்பல் நிறக் கீற்று மட்டும் தெரியும், இலக்கில் எதுவும் விழாது. மிதமான வேகத்துக்கென்று செய்யப்பட்ட குண்டுகளை இந்தப் பேரலில் போடாமல் இருந்தால் போதும்.

இனி தகராறான பகுதி. கயோட்டித் தோலைக் கெடுக்காத தோட்டா எது என்று வேட்டைக்காரர்கள் ஓயாமல் வாதாடுவார்கள். .204 உள்ளே போன இடம் தெரியாது, வெளியே வராது என்பவர் உண்டு. தோள் எலும்பில் பட்டு மேலேயே வெடித்துக் கயோட்டி ஓடிவிட்டது என்பவரும் உண்டு. இரண்டும் நடக்கக்கூடியவைதான். இலகுவான குண்டு எலும்பில் பட்டால் என்ன ஆகும் என்பது தூரத்தையும் கோணத்தையும் பொறுத்தது. போட்டிக்குச் செய்த கனத்த குண்டுகளை மிருகத்தின் மேல் பயன்படுத்துவதிலும் இதே நிலைதான்: சில நேரம் உள்ளே நன்றாக விரிகின்றன, சில நேரம் ஊசி போலத் துளைத்துக்கொண்டு போய்விடுகின்றன. ஆகவே கயோட்டிக்கு வேட்டைக்கென்றே செய்த 60 முதல் 75 கிரெயின் வரையுள்ள குண்டுகளில் ஒன்றைத் தேடச் சொல்வேன். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெல்லிய தோல் குண்டு இறுகிய தரையில் பட்டதும் பெரும்பாலும் தூளாகிவிடும். கனத்த, கெட்டியான குண்டு தெறித்து எழுந்து மேலும் வெகுதூரம் போகக்கூடும். மாடு மேயும் நிலத்தில், வேலிக்கு அப்பால் யார் வீடு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் கனத்த குண்டோடு பிரெய்ரி டாக் சுடக் கூடாது.

இப்போது உங்கள் ஆக்‌ஷனுக்கு வருகிறேன். .308-க்கான போல்ட் முகம், அதாவது கூட்டின் அடி உட்காரும் போல்ட்டின் முன்பகுதி, 0.473 அங்குலம். .22-250, .243, 6 எம்.எம். கிரீட்மூர் மூன்றுக்கும் அதே அளவு. பேரலை மாற்றினால் போதும். .223-க்கும் .204-க்கும் 0.378 அங்குல முகமுள்ள வேறு போல்ட் வேண்டும். அந்தப் போல்ட்டின் காதுகள் ஆக்‌ஷனில் சரியாகப் படிந்து உட்காரும்படி வேலை பார்க்க வேண்டும், மேகசினையும் மாற்ற வேண்டியிருக்கும். செய்யலாம். ஆனால் அந்தச் செலவில் ஒரு கணிசமான பகுதிக்கு .223-இல் நன்றாகச் சுடுகிற கடைத் துப்பாக்கியே கிடைக்கும். அதனால் உங்கள் ஐந்தில் .204-ஐயும் .223-ஐயும் இந்த ஆக்‌ஷனிலிருந்து விலக்கிவிடுங்கள்.

மிஞ்சுவது மூன்று. கூடு, மருந்து, குண்டு வாங்கி நீங்களே தோட்டா நிரப்புவீர்களா என்று கேள்வியில் எழுதவில்லை. அது முடிவையே மாற்றும். நிரப்புவீர்கள் என்றால் என் பதில் .22-250, எட்டு அங்குலப் புரி, 24 அங்குல நீளம், நடுத்தரக் கனம். இந்தத் தோட்டா 1965-இல்தான் ரெமிங்டனின் பெயரோடு கடைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1930-களிலிருந்து, கன்ஸ்மித்துகள் .250 சாவேஜ் கூட்டின் கழுத்தைச் சுருக்கிச் செய்துகொண்டிருந்தார்கள். குணங்கள் எல்லாருக்கும் தெரிந்த பழைய தோட்டா. வேகமான புரியும் நீளமான குண்டும் சேர்ந்தால் புதிய தோட்டாக்களுக்குச் சமமாகவே நிற்கிறது. உங்கள் ஆக்‌ஷனின் மேகசின் .308-இன் நீளத்துக்குச் செய்தது, .22-250 அதைவிடக் குட்டை. அதனால் நீளமான குண்டை வெளியே தள்ளிப் பொருத்த இடம் தாராளமாக இருக்கிறது. நிரப்ப மாட்டீர்கள் என்றால் .243 எடுங்கள். வேகமான புரியுள்ள .22-250-க்கு ஏற்ற கனத்த குண்டுகள் கடைத் தோட்டாவில் அரிது. .243-க்கு 58 கிரெயினிலிருந்து 100 கிரெயின் வரை எந்த ஊரிலும் கிடைக்கும். உதை கூடும், பேரலும் சீக்கிரம் சூடாகும். அந்தக் குறையோடுதான் எடுக்க வேண்டும். 6 எம்.எம். கிரீட்மூர் நல்ல தோட்டா, தூர இலக்குப் போட்டிக்குப் போகிறவருக்கு அதைத்தான் சொல்வேன். நீங்கள் சொல்கிற வேலைக்கு .243-ஐவிட அது பெரிதாக எதையும் தராது.

எதை எடுத்தாலும் இந்தத் துப்பாக்கி கயோட்டிக்கானது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கோடையில் பிரெய்ரி டாக் சுடலாம், ஆனால் ஐந்தாறு ரவுண்டுக்கு ஒருமுறை ஆறவிட்டுச் சுட வேண்டும். நூறு ரவுண்ட் காலைகள் உங்களுக்குப் பிடித்துப்போனால் அதற்கென்று ஒரு .223 கடைத் துப்பாக்கியை அடுத்த வருடம் வாங்குங்கள். அப்படி வாங்கினால், .223 என்று முத்திரையிட்ட அறையில் ராணுவ 5.56 தோட்டாவைப் போடாதீர்கள். உருவத்தில் ஒன்றுபோல இருந்தாலும் அழுத்தமும் தொண்டை (அறைக்கும் புரிக்கும் இடைப்பட்ட பகுதி) நீளமும் வேறு.

சட்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கொலராடோவில் பொது நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூன் 14 வரை பிரெய்ரி டாக் சுடக் கூடாது, அது குட்டி வளர்க்கும் காலம். விதிகள் மாறும் என்பதால் ஒவ்வொரு வருடமும் மாநில வனவிலங்குத் துறையின் கையேட்டைப் பாருங்கள். அந்த வளைகளிலேயே வளை ஆந்தைகளும் குடியிருக்கும். பகலிலும் வளைவாயில் நின்றுகொண்டிருக்கும், கானல் அலையும் மதியத்தில் 300 கெஜத்திலிருந்து பார்த்தால் பிரெய்ரி டாக் போலவே தெரியும். அவை சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. நீளக் கால்கள் தெரிகிறதா, தலை மட்டும் திரும்புகிறதா என்று பார்க்காமல் ட்ரிகரில் விரல் வைக்காதீர்கள். சுட்டுப் போட்ட உடல்களைக் கழுகும் பருந்தும் தின்னும், சிதறிய ஈயம் அவற்றுக்கு விஷம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டு தடை. கொலராடோவில் அப்படி இல்லாவிட்டாலும் ஈயமில்லாத குண்டுக்கு இடம் வைத்துப் பேரல் செய்வது நல்லது. செம்பு ஈயத்தைவிட இலேசு என்பதால் அதே கனத்துக்குக் குண்டு நீளமாகிவிடும். எட்டு அங்குலப் புரி அங்கேயும் உதவும்.

உங்களுக்கு கிரீன் கார்டு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இது உங்களுக்கில்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது விதிவிலக்குகளில் ஒன்று. உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும். நண்பரின் துப்பாக்கியை ஒரு நிமிடம் வாங்கிச் சுடுவதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கன்ஸ்மித்திடம் போகும்போது தோட்டாவின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நீங்கள் சுடப்போகும் குண்டை, மருந்தும் ப்ரைமரும் இல்லாத கூட்டில், மேகசினுக்குள் எவ்வளவு நீளம் அடங்குமோ அந்த நீளத்தில் பொருத்தி ஒரு மாதிரித் தோட்டா செய்து கையில் கொடுங்கள். தொண்டையை அதற்கேற்ப அவர் வெட்டுவார். இல்லாவிட்டால் 55 கிரெயினுக்கான குட்டைத் தொண்டைதான் வரும், நீளமான குண்டைக் கூட்டுக்குள் ஆழமாக அமுக்கி மருந்துக்கான இடத்தை இழப்பீர்கள். பேரல் முனையில் மரை வெட்டி மூடியும் போட்டுத் தரச் சொல்லுங்கள், பிறகு சத்தத் தடுப்பி மாட்ட உதவும். புதுப் பேரல் பட்டறைக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம். அது வரும்வரை .308 பேரலைக் கழற்ற வேண்டாம். பண்ணையிலேயே 300 கெஜத்தில் ஒரு இரும்புத் தகட்டை நட்டு, காற்றடிக்கிற நாளாகப் பார்த்துப் போய், குண்டு எவ்வளவு விலகும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு சுட்டுப் பாருங்கள்.